சீன அரசவை உடைக் கண்காட்சிக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிங்கப்பூருக்கு வரும் சொந்தக்காரர்களையும் நண்பர்களையும் அருங்காட்சியகங்களுக்குக் கூட்டிப் போகிற வேலை எப்படியோ என் தலையில் விழுந்துவிட்டது. சீன அரசவை உடைகள் இருக்கும் அறைக்குள் நுழைந்ததும் எல்லாரும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். அவர்கள் கேட்டபடியே கீழே போட்டிருக்கிறேன். வரிசையாகப் படியுங்கள்; முன்னால் சொன்னதைப் பின்னால் திரும்பச் சொல்லவில்லை.

சீன ராஜா உடை என்றால் எந்தக் காலத்து உடை? ஆயிரம் வருஷப் பழசா?

பெரும்பாலும் இல்லை. கண்ணாடிக்குள் தொங்குவதில் பெரும்பகுதி சிங் வம்சத்து உடைகள். மஞ்சூரியாவிலிருந்து வந்த மஞ்சு இனத்தார் 1644இல் பெய்ஜிங்குக்குள் நுழைந்தார்கள்; அவர்களின் கடைசி அரசர் பூ யி 1912 பிப்ரவரியில் பதவி துறந்தார். நீங்கள் பார்க்கப்போவது அநேகமாக 18, 19ஆம் நூற்றாண்டுத் துணி.

அதற்கு முந்தைய மிங் வம்சத்து அரச உடைகள் அரிது. பெய்ஜிங்குக்கு வெளியே டிங்லிங் கல்லறையை 1956–58இல் தோண்டியபோது வான்லி அரசரின் பட்டுத் துணிகள் ஏராளமாகக் கிடைத்தன. காற்றும் வெளிச்சமும் பட்டதும் அவை நிறம் மங்கி, விறைத்து, பொடியத் தொடங்கின. அரச கல்லறைகளைத் தோண்டச் சீனா இன்றும் தயங்குவதற்கு அந்த அனுபவம் ஒரு காரணம். விதிவிலக்காகத் தப்பியவையும் உண்டு. சாங்ஷா நகரில் மாவாங்துயி என்ற இடத்தில் 1972இல் திறந்த ஒரு சீமாட்டியின் கல்லறையில், 2,100 ஆண்டுகளுக்கு மேல் பழமையான மெல்லிய பட்டு அங்கி கிடைத்தது. முழு அங்கியும் சேர்த்து எடை 49 கிராம்தான்.

இதைப் பார்க்கப் பெய்ஜிங்தான் போகவேண்டுமா?

பெய்ஜிங்கில் பழைய அரண்மனையே 1925 முதல் அருங்காட்சியகமாக இருக்கிறது. அங்கே உள்ள துணிகளும் உடைகளும் மட்டுமே ஒரு லட்சத்துக்கும் மேல். ஆனால் அவற்றில் ஒரு சிறு பங்குதான் ஒரு நேரத்தில் வெளியே இருக்கும். அங்கே போவதென்றால் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்து முன்கூட்டியே டிக்கெட் எடுக்கவேண்டும், திங்கட்கிழமை விடுமுறை. 2022இல் திறந்த ஹாங்காங் அரண்மனை அருங்காட்சியகத்துக்குப் பெய்ஜிங்கிலிருந்தே பொருள்கள் கடனாக வருகின்றன. லண்டனின் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட், நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன், டொரான்டோவின் ராயல் ஒன்டாரியோ, மின்னியாபொலிஸ் கலைக்கூடம் ஆகியவற்றில் சொந்தச் சேகரிப்பே உண்டு. சிங்கப்பூரில் ஆற்றோரம் இருக்கும் ஆசிய நாகரிக அரும்பொருளகத்தில் துணிக்கென்றே ஒரு கூடம் இருக்கிறது. போகும் முன் இப்போது என்ன வைத்திருக்கிறார்கள் என்று இணையத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

தைவானின் தைப்பேயில் உள்ள அரண்மனை அருங்காட்சியக விஷயத்தில் பலர் ஏமாந்துபோகிறார்கள். அரண்மனைப் பொருள்களைப் பெட்டி பெட்டியாக 1933இல் தெற்கே அனுப்பி, 1948–49இல் அவற்றில் ஒரு பகுதியைத் தைவானுக்குக் கொண்டுபோனார்கள். உடைகள் பெரும்பாலும் பெய்ஜிங்கிலேயே தங்கிவிட்டன. தைப்பேயில் நெய்த சித்திரங்கள், மணிமாலைகள், தொப்பிகள் அருமையாக இருக்கும். அங்கி வரிசையை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

ஏன் இவ்வளவு இருட்டு? கரண்ட் மிச்சம் பிடிக்கிறார்களா?

பட்டுக்கு வெளிச்சம்தான் முதல் எதிரி. சாயம் வெளுக்கும், இழை நொறுங்கும், ஒருமுறை போனது திரும்பாது. அதனால் துணிக்கூடங்களில் சுமார் 50 லக்ஸ் (ஒளியை அளக்கும் அலகு) அளவுக்குத்தான் விளக்கு போடுவார்கள். அதுவும் சில மாதங்களுக்கு மட்டும். பிறகு அந்த அங்கி இருட்டறைக்குப் போய்விடும், வேறொன்று வரும். போன வருஷம் நண்பர் பார்த்த அங்கி உங்களுக்குக் கிடைக்காமல் போவதற்குக் காரணம் இதுதான். உள்ளே நுழைந்ததும் ஐந்து நிமிடம் சும்மா நில்லுங்கள், கண் பழகிவிடும்.

போட்டோ எடுக்கலாமா?

ஃபிளாஷ் இல்லாமல் பெரும்பாலான இடங்களில் எடுக்கலாம். கடன் வாங்கி வைத்த பொருளுக்குத் தடை இருக்கக்கூடும், வாசலில் எழுதியிருப்பார்கள்.

பொம்மைக்குப் போட்டுக் காட்டாமல் ஏன் கம்பில் கோத்து வைத்திருக்கிறார்கள்?

தோள் பாரம் தாங்கிக் கிழிந்துவிடக்கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, இந்த அங்கியின் வெட்டு நேர்கோட்டில் இருக்கும். கையை விரித்து மாட்டினால்தான் முழுப் படமும் தெரியும்: கீழே சாய்கோடுகளாக ஆழ்கடல், அதன்மேல் அலை, நடுவில் மலை, மேலே மேகம், மேகத்துக்குள் டிராகன். அதை அணிகிறவர் கழுத்து நுழைகிற இடம்தான் வானத்தின் வாசல். தறியின் அகலம் போதாததால் முன்னும் பின்னும் நட்டநடுவில் ஒரு தையல் மேலிருந்து கீழே ஓடும். நெஞ்சில் இருக்கும் டிராகனின் முகம் அந்தத் தையலால் சரிபாதியாகப் பிரிந்திருக்கும். மூக்கும் மீசையும் இரண்டு பக்கமும் பிசகாமல் சேர்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். தைத்தவரின் கை எப்படி என்பது அங்கே தெரிந்துவிடும்.

மஞ்சள் என்றால் ராஜா. சரிதானே?

எந்த மஞ்சள் என்று கேட்கவேண்டும். பளிச்சென்ற மஞ்சள் அரசருக்கும் அரசிக்கும் ராஜமாதாவுக்கும், அடுத்த படியில் உள்ள தலைமைத் துணைவிக்கும் உரியது. பட்டத்து இளவரசருக்குச் சற்றே ஆரஞ்சு கலந்த ஆப்ரிகாட் மஞ்சள். அரசரின் மற்ற மகன்களுக்குப் பொன்மஞ்சள். கீழ்நிலைத் துணைவியருக்குப் பழுப்போடிய மஞ்சள். சாயம் மங்கிய துணியில் இவற்றைக் கண்ணால் பிரிப்பது கஷ்டம், குறிப்பு அட்டையை நம்பித்தான் ஆகவேண்டும்.

அரசரும் எப்போதும் மஞ்சளில் இருந்ததில்லை. வானத்துக்குப் பூசை செய்யும்போது நீலம், பூமிக்கு மஞ்சள், சூரியனுக்குச் சிவப்பு, நிலவுக்கு வெளிர்நீலம். இதையெல்லாம் சியன்லோங் அரசர் 1759இல் படங்களோடு ஒரு பெரிய விதிநூலாகத் தொகுக்கச் செய்தார். யார், எந்தப் பருவத்தில், எந்தச் சடங்குக்கு, எந்த நிறம், எந்தத் தொப்பி, எந்த மணி என்று எல்லாம் அதில் உண்டு. தங்கள் இன உடையைக் கைவிட்ட முந்தைய வட நாட்டு வம்சங்கள் அழிந்தன என்பது அவருடைய பயம்.

டிராகனுக்கு நகம் எண்ணச் சொல்கிறார்களே, அது ஏன்?

ஐந்து நகம் அரசருக்கும் உயர்ந்த இளவரசர்களுக்கும். நான்கு நகம் அதற்குக் கீழே. விதி அப்படி. நடைமுறையில் 19ஆம் நூற்றாண்டில் ஐந்து நகத்தை யார் யாரோ போட்டுக்கொண்டார்கள். ஆகவே நகத்தை மட்டும் எண்ணி இது ராஜாவுடையது என்று முடிவுகட்ட முடியாது.

ஒன்பது டிராகன் என்று எழுதியிருக்கிறது. சுற்றிச் சுற்றி எண்ணினாலும் எட்டுதான் வருகிறது!

சரியாகத்தான் எண்ணியிருக்கிறீர்கள். நெஞ்சில் ஒன்று, முதுகில் ஒன்று, தோளுக்கு ஒன்றாக இரண்டு, கீழே முன்பக்கம் இரண்டு, பின்பக்கம் இரண்டு. ஒன்பதாவது, மேல்மடிப்புக்கு அடியில் மறைந்திருக்கும் உள்மடிப்பில் இருக்கிறது. இன்னொரு கணக்கும் உண்டு. முன்னால் நின்று பார்த்தால் தோள் டிராகன்களையும் சேர்த்து ஐந்து தெரியும், பின்னால் நின்றாலும் ஐந்து. ஒன்பதும் ஐந்தும் அரச பீடத்துக்குரிய எண்கள்.

நிஜமாகவே ராஜா போட்டதா என்று எதை வைத்துச் சொல்வது?

பன்னிரண்டு சின்னங்களைத் தேடுங்கள். சூரியன், சந்திரன், நட்சத்திரம், மலை, டிராகன், பறவை, பூசைக் கிண்ணங்கள், நீர்ப்பாசி, தானியம், நெருப்பு, கோடாலி, முதுகோடு முதுகு சேர்ந்த இரட்டை வடிவம். டிராகன்களின் நடுவே சின்னச் சின்னதாக ஒளிந்திருக்கும். சூரியனுக்குள் ஒரு பறவை நிற்கும். சந்திரனுக்குள் முயல் உட்கார்ந்து உரலில் மருந்து இடித்துக்கொண்டிருக்கும். நிலவில் முயல் என்பதைச் சீனர்களுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை.

பளிச்சென்ற மஞ்சளும் பன்னிரண்டும் சேர்ந்திருந்தால் அரசருடையதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் விலை ஏற்றுவதற்காகப் பின்னாளில் சின்னங்களைத் தைத்துச் சேர்த்த அங்கிகளும் உண்டு.

அப்படியானால் இங்கே இருப்பதில் பாதிக்குமேல் ராஜா போட்டதில்லையா?

ஆமாம். நீல, பழுப்பு நிற டிராகன் அங்கிகள் பெரும்பாலும் அதிகாரிகளுடையவை. டிராகன் அங்கி அவர்களுக்குச் சீருடை மாதிரி. அதற்கு மேலே அடர்நீல மேலங்கி ஒன்றும் போடுவார்கள். அப்போது வெளியே தெரிவது கீழ்க்கரை அலைகளும் கைப்பகுதியும்தான். அத்தனை வேலைப்பாட்டையும் மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்!

என்னைக் கேட்டால் இந்த நீல அங்கிகள்தான் சுவாரசியம். கூட்டம் மஞ்சளைச் சுற்றித்தான் நிற்கும். நீலத்துக்கு முன்னால் நீங்கள் நிம்மதியாக நின்று பார்க்கலாம்.

நெஞ்சில் பறவை போட்ட சதுரத் துணி எதற்கு?

பதவிச் சின்னம். மிங் காலத்தில் 1391இல் வந்த வழக்கத்தைச் சிங் அரசும் எடுத்துக்கொண்டது. சிவில் அதிகாரிகளுக்குப் பறவை, படை அதிகாரிகளுக்கு விலங்கு, ஒன்பது படிநிலைகள். முதல் நிலைக்குச் சாரஸ் போன்ற பெரிய கொக்கு, மூன்றாவதுக்கு மயில், நான்காவதுக்குக் காட்டு வாத்து, எட்டாவதுக்குக் காடை. படையில் இரண்டாம் நிலைக்குச் சிங்கம், நான்காம் நிலைக்குப் புலி. அரச குடும்பத்தின் மேல்படியில் இருந்தவர்களுக்குச் சதுரம் கிடையாது, வட்டம்.

முன்பக்கச் சதுரம் மட்டும் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும், ஏனென்றால் மேலங்கி முன்னால் திறக்கும். பின்பக்கத்தது முழுசாக இருக்கும். இந்தச் சதுரங்களை அதிகாரிகளே தங்கள் காசில் செய்துகொண்டார்கள். அதனால் தரம் ஏறி இறங்கும். மனைவியும் கணவனின் பறவையையே அணிந்தாள்.

சங்கு, சக்கரம், தாமரை, ஸ்வஸ்திகா எல்லாம் இருக்கிறதே. நம்மிடமிருந்து போனதா?

பௌத்தம் வழியாகப் போனவை. சங்கு, சக்கரம், குடை, கொடி, தாமரை, கலசம், இரட்டை மீன், முடிவில்லா முடிச்சு ஆகிய எட்டு மங்கலச் சின்னங்களும் இந்தியாவிலிருந்து திபெத், சீனம் வரை பரவியவை. அலைகளுக்கு நடுவே இவை மிதப்பதைப் பார்க்கலாம். ஸ்வஸ்திகாவும் அதே வழி. அங்கே அதற்குப் பத்தாயிரம் என்ற பொருளும் சேர்ந்துகொண்டது, அதாவது முடிவற்ற ஆயுள்.

அரசவை மணிமாலையையும் கவனியுங்கள். 108 மணி. ஜபமாலையிலிருந்து வந்ததுதான். நான்கு பெரிய மணிகள் அதை நான்காகப் பிரிக்கும். பக்கவாட்டில் பத்துப் பத்து மணிகளாக மூன்று சிறு சரங்கள் தொங்கும். ஆண்களுக்கு இரண்டு சரம் இடப்பக்கம், பெண்களுக்கு இரண்டு சரம் வலப்பக்கம். மாலையை மட்டும் வைத்திருந்தாலும் யார் போட்டது என்று ஊகிக்க இது உதவும். வௌவால்கள் மட்டும் முழுக்கச் சீனச் சரக்கு: அந்தப் பெயரின் ஒலி நற்பேற்றைக் குறிக்கும் சொல்லோடு ஒத்துப்போவதால் துணியெல்லாம் வௌவால் பறக்கிறது.

கை ஏன் குளம்பு மாதிரி முடிகிறது?

மஞ்சு இனத்தார் குதிரையேறிகள், வேட்டைக்காரர்கள். குளிரில் புறங்கையை மூடுகிற மடிப்பு அது. நாட்டைப் பிடித்து அரண்மனையில் உட்கார்ந்த பிறகும் அதை விடவில்லை. அரசர் முன் மண்டியிடும்போது மடித்துவைத்த கைமுனையை உதறி இறக்கிவிடுவது மரியாதை ஆகிவிட்டது. அங்கியின் முன்னும் பின்னும் கீழே பிளந்திருக்கும் வெட்டும் குதிரையேறுவதற்காக வந்ததுதான். அதிகாரிகளுக்கு அந்த இரண்டு வெட்டு. அரச குடும்பத்து ஆண்களுக்குப் பக்கவாட்டிலும் சேர்த்து நான்கு. பாக்கெட் கிடையாது. பணப்பை, விசிறி உறை எல்லாம் இடுப்புப் பட்டையில் தொங்கும்; பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியில் அவையும் அநேகமாக இருக்கும்.

பெண்களுக்கு ஃபீனிக்ஸ்தானே? இந்த டிராகன் அங்கி பெண்ணுடையது என்று போட்டிருக்கிறதே?

சிங் அரசியின் சடங்கு உடையிலும் டிராகன்தான். ஃபீனிக்ஸ் என்ற கற்பனைப் பறவை அவர் தலையணியில் ஏறி உட்கார்ந்திருக்கும். அங்கி பெண்ணுடையதா என்று பார்க்க, வெட்டு பக்கவாட்டில் மட்டும் இருக்கிறதா, முழங்கைப் பக்கம் கூடுதலாக ஒரு பூவேலைப் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் பெண்ணுடையது.

ஒன்றைச் சேர்த்துச் சொல்லவேண்டும். இது சீனப் பெண்கள் எல்லாருடைய உடையும் அல்ல. 1645இல் ஆண்கள் முன்தலையை மழித்துப் பின்னல் வைக்கவேண்டும் என்று கட்டாயப்படுத்திய அரசு, பெரும்பான்மைச் சீன இனமான ஹான் பெண்களின் உடையில் கைவைக்கவில்லை. அவர்கள் பாவாடையும் மேற்சட்டையுமாகத் தொடர்ந்தார்கள். ஹான் பெண்களைப் போல மஞ்சுப் பெண்கள் பாதத்தைச் சிறிதாக்க இறுக்கிக் கட்டவுமில்லை. நடுவில் உயரக் கட்டை வைத்த செருப்பு அவர்களுடையது.

இது நெசவா, எம்பிராய்டரியா? எனக்கு எல்லாம் ஒன்றுபோலத் தெரிகிறது.

கண்ணாடிக்கு எவ்வளவு கிட்டப் போகமுடியுமோ அவ்வளவு போய், ஒரு மேகத்தின் ஓரத்தைப் பாருங்கள். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் பிளேடால் கீறியதுபோல் மெல்லிய பிளவு தெரிந்தால் அது கெசி என்ற நெசவு. காஞ்சிபுரத்தில் கோர்வை போடும்போது உடல் நிற ஊடையும் (குறுக்கிழை) கரை நிற ஊடையும் ஒன்றையொன்று கோத்துக்கொள்ளும், தெரியுமல்லவா? கெசியில் கோப்பதில்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் தனி நாடா (ஊடை நூலை ஓட்டும் கருவி). அது தன் எல்லை வரை போய்த் திரும்பிவிடும். அதனால்தான் பிளவு. பாவுக்கு (தறியில் நீளவாக்கில் கட்டிய இழைகள்) அடியில் வரைபடத்தை வைத்து, அதன் கோடுகளைப் பாவின்மேல் தூரிகையால் வரைந்துகொண்டு நெய்வார்கள்.

நூல் துணிக்கு மேலே புடைத்து, பளபளவென்று ஒரே திசையில் படுத்திருந்தால் எம்பிராய்டரி. கடுகுபோல் குட்டிக் குட்டி முடிச்சுகளாக ஒரு பூவையே நிரப்பியிருப்பதும் அதில் ஒரு வகை. தங்க நூலை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுப்பதில்லை. இரண்டிரண்டாகத் துணிமேல் படுக்கவைத்து மெல்லிய பட்டு நூலால் அங்கங்கே கட்டுவார்கள். அந்தக் கட்டுநூல் சில இடத்தில் சிவப்பாக இருக்கும். அதனால் தங்கமே சற்றுச் சிவந்து தெரியும்.

அந்தத் தங்கம் நிஜமா?

பெரும்பாலும் நிஜம், ஆனால் நம் ஜரிகை போல அல்ல. பட்டு இழையில் வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசுவது காஞ்சிபுரத்து முறை. அவர்கள் தங்க இலையைக் காகிதத்தில் ஒட்டி, கீற்றாக நறுக்கி, நூலில் சுற்றினார்கள். தேய்ந்த இடத்தில் உள்நூல் எட்டிப் பார்க்கும். பச்சையாக மினுங்கும் இடம் கண்ணில் பட்டால் குறிப்பு அட்டையைப் படியுங்கள், மயிலிறகு இழையைச் சுற்றிய நூலாக இருக்கலாம்.

ஒரு அங்கி செய்ய எவ்வளவு நாள்?

நாள் கணக்கில்லை, வருஷக் கணக்கு. அரண்மனை ஓவியர்கள் வரைந்து, ஒப்புதல் வாங்கி, தெற்கே நான்ஜிங், சூஜோ, ஹாங்ஜோ அரசுத் தறிக்கூடங்களுக்கு அனுப்புவார்கள். நான்ஜிங்கின் பெரிய தறியில் ஒருவர் மேலே உட்கார்ந்து கயிறுகளை இழுக்க, ஒருவர் கீழே நெய்வார். சிக்கலான வடிவம் என்றால் ஒரு நாளில் ஐந்தாறு சென்டிமீட்டர்தான் நகரும். இந்த நெசவு 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, இன்றும் நடக்கிறது.

சில கண்காட்சிகளில் அங்கி வடிவமே நெய்து, வெட்டாமல் தைக்காமல் நீளத் துணியாகத் தொங்கவிட்டிருப்பார்கள். தறிக்கூடத்திலிருந்து அப்படித்தான் வந்தது. ஏதோ காரணத்தால் தையற்காரர் கைக்குப் போகவே இல்லை. வெளிச்சம் படாமல் சுருட்டிக் கிடந்ததால் பழைய நிறம் எப்படி இருந்தது என்று பார்க்க இதைவிட நல்ல இடமில்லை.

துவைப்பார்களா?

தங்கமும் காகிதமும் உள்ள துணியைத் தண்ணீரில் போடமுடியுமா? உள்ளே துவைக்கும் துணிகளை அணிந்துகொண்டார்கள். பருவத்துக்கு ஒன்றாகக் கோடைக்கு ஒற்றைத் துணி, பிறகு உள்துணி வைத்தது, பஞ்சு வைத்தது, குளிருக்கு மென்மயிர்த் தோல் வைத்தது என்று அங்கி மாறும்.

அட்டையில் காலம் போடவில்லை. பார்த்தே சொல்லமுடியுமா?

ஓரளவு முடியும். கீழ்க்கரையில் சாய்கோடுகளாக ஓடும் நீர்ப்பட்டை 18ஆம் நூற்றாண்டில் குட்டையாக இருக்கும். 19ஆம் நூற்றாண்டின் பின்பகுதியில் முழங்கால் வரை ஏறிவிடும். டிராகனுக்கு மூச்சுவிட இடமில்லாமல் சின்னங்கள் நெருக்கியடித்தால் அதுவும் பிற்காலம். கண்ணைக் குத்தும் ஊதா இருந்தால் செயற்கைச் சாயம். அதை லண்டனில் முதலில் உண்டாக்கியதே 1856இல்தான். கெசியில் செதில்களையும் இலை நரம்புகளையும் நெய்யாமல் தூரிகையால் தீட்டியிருந்தால், அதுவும் பிற்காலச் சிக்கனம்.

இதெல்லாம் வெளிநாட்டுக்கு எப்படி வந்தது? கொள்ளையா?

சிலது கொள்ளைதான். 1860இல் பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் கோடை அரண்மனையைச் சூறையாடின. 1900இல் எட்டு நாட்டுப் படைகள் பெய்ஜிங்கில் அதையே செய்தன. ஆனால் 1912க்குப் பிறகு வருமானம் நின்றுபோன பிரபுக்களும் அதிகாரிகளின் குடும்பங்களும் தாங்களே விற்றவையும் ஏராளம். மேல்நாட்டுப் பெண்கள் அவற்றை விருந்துக் கோட்டாகப் போட்டுக்கொண்டார்கள், தலையணை உறையாகவும் வெட்டினார்கள். அட்டையின் கடைசி வரியில் யார் கொடுத்தது, எந்த வருஷம் என்று இருக்கும். 1900ஐ ஒட்டிச் சீனாவில் இருந்த படை அதிகாரியின் பெயர் என்றால் சந்தேகப்பட இடமுண்டு. அந்த வரியே இல்லையென்றால் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. டிராகன் எண்ணச் சொல்லுங்கள், முயலைத் தேடச் சொல்லுங்கள். ஒன்றரை மணி நேரத்துக்குமேல் இழுக்காதீர்கள்.

கடைவீதியில் பழைய டிராகன் அங்கி என்று விற்கிறார்கள். வாங்கலாமா?

வீட்டில் மாட்ட அழகாக இருக்கிறது என்றால் அந்த அழகுக்கு உரிய விலை கொடுத்து வாங்குங்கள். அரசவை அங்கி என்று சொல்லி விலை ஏற்றினால், முதலில் கையைப் பாருங்கள். குளம்புக் கைமுனை இல்லாமல் வெள்ளைப் பட்டு நீளமாகத் தொங்கினால் அது சீன நாடக மேடை உடை. பிறகு உள்துணியின் ஓரத்தைச் சற்று விலக்கிப் பின்பக்கத் தையலைப் பார்க்கக் கேளுங்கள். கையால் போட்டதில் நூல் முடிச்சும் தாவலும் இடத்துக்கு இடம் மாறும். மெஷின் போட்டது ஒரே சீராக இருக்கும்.